ஸோவியத் ருஷியாவின் உழைப்புச் சிறைகள்

உழைப்பு மனிதனை உயர்த்தும் என்பது நம் முன்னோர் நமக்கு வைத்துச்சென்ற உண்மைகளுள் தலையாயது. வயலிலும் கடையிலும் பட்டறையிலும் மெய்வருந்தப் பாடுபட்டு உண்பதே மேன்மை என்று நம் சங்கத்துப் பெரியோர் பன்முறை எடுத்துரைத்துள்ளனர். அக்கொள்கையில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயின், இத்துணை நல்ல சொல்லையே ஒரு வல்லரசு கவசமாகப் பூண்டு, 1930-ம் ஆண்டு முதல் 1953-ம் ஆண்டு வரை தன் சொந்தப் பிரஜைகளுள் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லக்ஷம் பேரை முட்கம்பி வேலிக்குள் அடைத்து வேலை வாங்கிற்று என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம். அரசியற் கட்சிகளின் வாதப் பிரதிவாதங்களிற் புகுவது நம் நோக்கமன்று. உழைப்பைப் போற்றும் சமூகத்தார்க்கு, அவ்வுழைப்பு எவ்விடத்தில் மேன்மையாகும், எவ்விடத்தில் கொடுமையாகும் என்று பகுத்தறியும் கடமையும் உண்டு. அக்கடமை பற்றியே இதனை எழுதலாயினோம்.

மடாலயத் தீவு

ருஷியாவின் வடபாலில் வெண்கடல் என்று ஒரு கடல் உளது. ஆண்டிற் பெரும்பகுதி பனிக்கட்டி மூடிக்கிடக்கும் அக்கடலின் நடுவே ஸோலோவெட்ஸ்கி என்னும் தீவுக்கூட்டத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் ஒரு பெரிய மடத்தை நிறுவினர். ஜார் மன்னர்கள் தமக்குப் பிடிக்காத சிலரை அம்மடத்திலேயே சிறைவைத்ததுண்டு. 1917-ம் ஆண்டுப் புரட்சியால் ஜார் ஆட்சி ஒழிந்து போல்ஷெவிக் கட்சியார் ஆட்சிக்கு வந்தனர். 1923-ம் ஆண்டில் அவர்களுடைய இரகசியப் போலீஸார் அம்மடத்தைக் கைக்கொண்டு, அங்கே தமது முதற் பெருஞ்சிறை முகாமை அமைத்தனர்.

அம்முகாமின் தொடக்க நிலை கவனித்தற்குரியது. போல்ஷெவிக் கட்சியாரோடு முன்னர் ஒருங்கு நின்று ஜாரை எதிர்த்த பிற ஸோஷலிஸ்டுக் கட்சியார் சிலரும் அங்குக் கொண்டுவரப்பட்டனர். இவர்களுக்கு ‘அரசியற் கைதிகள்’ என்னும் மதிப்பு இருந்தது. இவர்கள் வேலை செய்யவேண்டுவதில்லை, நூல்கள் படிக்கலாம், தம்முட் கூடிப் பேசலாம். இச்சலுகைகள் நீடிக்கவில்லை. 1923-ம் ஆண்டு டிஸம்பர் 19-ம் தேதி, மாலையில் வெளியே உலாவக்கூடாதென்ற புதிய உத்தரவை ஏற்க மறுத்து நின்ற அரசியற் கைதிகள்மீது காவலர் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய, அறுவர் மாண்டனர். 1925-ம் ஆண்டில் எஞ்சியோர் தீவிலிருந்து வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

தீவிலே நின்றவர்கள் பாதிரிமார், ஆசிரியர், பழைய சேனாதிபதிகள், வணிகர், குடியானவர் முதலானோர். இவர்கட்கு அரசியற் கைதி என்னும் பெயரும் கிடைக்கவில்லை. ‘எதிர்ப்புரட்சிக்காரர்’ என்ற பெயரே கிடைத்தது. திருடரோடும் கொலைஞரோடும் ஒருசேர நிறுத்தி இவர்களை மரம் வெட்டவும், சேற்றுநிலக் கரியை அகழ்ந்தெடுக்கவும் ஏவினர். அரசியற் குற்றத்துக்கு ஆளானவன் மற்றக் கைதிகளைவிடத் தாழ்ந்தவன் என்னும் முறை இவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் திருடனும் கொலைஞனும் அம்முகாம்களில் நிழலான வேலைகளைப் பெற, ஆசிரியனும் பாதிரியும் சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டதற்கு இதுவே மூலம்.

ரொட்டித் தராசு

சிறைச்சாலை என்பது எந்நாட்டிலும் சர்க்காருக்குச் செலவு வைப்பதொன்று. ஸோலோவெட்ஸ்கி முகாமின் செலவும் மிகுந்தது. அப்போது, அம்முகாமுக்குக் கைதியாகவே வந்து சேர்ந்திருந்த நப்தாலி பிரெங்கல் என்னும் வணிகர் அதிகாரிகளின் கவனத்தைக் கவர்ந்தார். முகாமைச் செலவுக்குரிய இடமாக வைத்திராமல் வரவுக்குரிய இடமாக மாற்றலாம் என்பது அவர் காட்டிய வழி. அவர் மன்னிப்புப் பெற்று விடுதலையாகி, அதிகாரியாகி, இறுதியில் லெப்டினன்ட் ஜெனரல் என்னும் உயர்பதவி வகித்து, 1960-ம் ஆண்டில் தம் படுக்கையிலேயே காலமானார்.

அவர் காலத்தில் அங்கு வேரூன்றிய ஏற்பாடு இதுவே. கைதிகளை உடல் வலிமை நோக்கி மூன்று வகையாகப் பிரித்தனர். கடினவேலைக்குரியவனுக்கு மிகுந்த உணவு. நலிந்தவனுக்கு அதிற் பாதி. பின்னர் எல்லா முகாம்களிலும் இது இன்னும் நுட்பமாகியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒருநாள் அளவு குறித்தனர். இத்துணைக் கனஅடி மண், இத்துணை மரம் என்று. அவ்வளவை முற்றும் செய்தவனுக்கு முழு ரொட்டி. மிகுதியாகச் செய்தவனுக்குச் சிறிது கூடுதல். குறைந்தவனுக்கு ரொட்டியும் குறையும். தண்டனைக்குரியவனுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் ரொட்டியே கிடைத்தது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இதில் நியாயம் உள்ளது போலத் தோன்றும். உழைத்தவனுக்கு ஊண் என்பது உலக வழக்கன்றோ? ஆயின், நம் வயல்களில் வேலைசெய்யும் கூலியாள் ஒருநாட் கூலி குறைந்தால் மறுநாள் வேறிடம் நாடலாம். நோயுற்றால் வீட்டிற் படுக்கலாம். சுற்றத்தார் கஞ்சி வார்ப்பர். முகாமில் இருப்பவனுக்கு வேறிடமும் இல்லை, வீடும் இல்லை. இன்று நலிந்து வேலை குறைந்தால் இன்றே ரொட்டி குறையும். ரொட்டி குறைந்தமையால் நாளை இன்னும் நலிவான். நாளை மறுநாள் அளவிற் பாதியும் செய்யமாட்டான். இவ்வாறு சில வாரங்களில் ஒரு திடகாத்திரன் எலும்புந் தோலுமாகித் தள்ளாடுவான். இத்தகையவனைக் குறிக்க, ‘முடிவை எட்டிக்கொண்டிருப்பவன்’ என்ற கருத்துடைய ஒரு தனிச்சொல்லே முகாம் பாஷையில் வழங்கிற்று. மிகுதியாக உழைத்துக் கூடுதல் ரொட்டி பெற்றவனும் தப்பவில்லை. அவன் செலவிட்ட வலிமையை அவ்வதிகத் துண்டு ஈடுசெய்யவில்லை. சிறிய ரொட்டியன்று, பெரிய ரொட்டியே ஆளைக் கொல்லும் என்பது அனுபவமுள்ள கைதிகள் புதியவர்க்குக் கூறிய எச்சரிக்கை.

சவுக்கேந்திய மேற்பார்வையாளன் இரவில் உறங்குவான்; பசியோ உறங்குவதில்லை. அப்பசியையே மேற்பார்வையாளனாக நியமித்ததுதான் இவ்வேற்பாட்டின் சாரம்.

கால்வாயும் புகழ்மாலையும்

1929-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், உலகப் புகழ்பெற்ற ருஷிய எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கி ஸோலோவெட்ஸ்கி தீவுக்கு விஜயம் செய்தார். ஏழை மக்களின் துயரத்தை எழுதிப் பெயர்பெற்ற அவர், அம்முகாமைக் கண்டு பழித்தாரில்லை. உழைப்பினால் மனிதரைத் திருத்தும் சாலை என்று மெச்சி எழுதினார். அடுத்த ஆண்டிலேயே முகாம்கள் அனைத்தையும் நடத்த ஒரு மத்திய நிர்வாகம் ஏற்பட்டது. அந்நிர்வாகத்தின் ருஷியப் பெயரைச் சுருக்கி வழங்கிய ‘குலாக்’ என்னும் சொல்லே பின்னர் அம்முகாம்கள் அனைத்திற்கும் பெயராயிற்று.

அந்நிர்வாகத்தின் முதற் பெருவேலை வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கால்வாய். அதன் நீளம் 227 கிலோமீட்டர். கப்பல்களை நீர்மட்டம் மாற்றி ஏற்றியிறக்கும் மதகுகள் 19. இருபது மாதத்தில் முடித்தாகவேண்டும் என்பது ஸ்டாலின் கட்டளை. அந்நியநாட்டு யந்திரங்கள் வாங்கக்கூடாது. இரும்பும் ஸிமெண்டும் செலவிடக்கூடாது. ஆதலின் மதகுகளிற் பெரும்பகுதி மரத்தாலேயே கட்டப்பட்டது. பிக்காசு, மண்வெட்டி, மரத்தாற் செய்த ஒற்றைச் சக்கரக் கைவண்டி ஆகிய இவற்றைக்கொண்டு கருங்கற்பாறையை உடைத்தனர். ஒரு சமயத்தில் 1,00,000-க்கு மேற்பட்ட கைதிகள் அங்கு வேலைசெய்தனர். முகாமின் சொந்த ஏடுகளின்படியே 12,000-க்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். உண்மைத்தொகை அதனினும் மிகுதி என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

1933-ம் ஆண்டு ஆகஸ்டில் கால்வாய் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12,500 கைதிகள் விடுதலை பெற்றனர். மற்றும் பலருக்குத் தண்டனைக்காலம் குறைக்கப்பட்டது. இதையும் மறையாது கூறுதல் நேர்மை. அம்மாதத்திலேயே 120 எழுத்தாளரைக் கப்பலில் ஏற்றிக் கால்வாயைச் சுற்றிக்காட்டினர். அவருள் 36 பேர் சேர்ந்து, கார்க்கி முதலியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, அக்கால்வாயைப் பற்றிப் பெரியதொரு புகழ்நூல் எழுதினர். இரும்பை உலையிலிட்டுப் புதிதாக வார்ப்பதுபோல மனிதரைப் புதிதாக வார்க்கிறோம் என்பதே அந்நூலின் பல்லவி. 1934-ம் ஆண்டு ஜனவரியிற் கூடிய கட்சி மகாநாட்டில் அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? அந்நூலின் பதிப்பாசிரியருள் ஒருவரும் கால்வாய் முகாமின் அதிபதியுமாகிய பிரின் 1937-ம் ஆண்டிற் சுடப்பட்டார். மற்றொரு பதிப்பாசிரியராகிய அவெர்பாக் என்பவரும் அவ்வாண்டிலேயே சுடப்பட்டார். அந்நூலிற் பெரிதும் புகழப்பெற்ற போலீஸ் தலைவர் யகோதா 1938-ம் ஆண்டிற் சுடப்பட்டார். நூற் பிரதிகள் புத்தகசாலைகளிலிருந்து அகற்றப்பட்டன. கால்வாயோ, பெருங்கலங்கள் செல்லும் ஆழமின்றி, ஆண்டிற் பாதி உறைந்து, எதிர்பார்த்த பயனிற் சிறுபகுதியே தந்தது.

குற்றமாகக் கொள்ளப்பட்டவை

இத்துணைப் பேர் செய்த குற்றந்தான் யாது என்று நேயர்கள் வினவுதல் இயல்பு. முதலிற் சிக்கியவர் குடியானவரே. 1930, 1931-ம் ஆண்டுகளில், சற்று வசதியுடன் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 18 லக்ஷம் பேர் நிலமும் கால்நடையும் பறிக்கப்பட்டு, பெண்டு பிள்ளைகளுடன் வடபாலுக்கும் ஸைபீரியாவுக்கும் கடத்தப்பட்டனர். அவர் மறுத்த கூட்டுப்பண்ணை முறையே அதற்குக் காரணம். மற்றும் பலர் முகாம்களுக்கே அனுப்பப்பட்டனர். 1932-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ம் தேதிச் சட்டப்படி கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடியவனுக்கு மரணம் அல்லது பத்தாண்டுச் சிறை. பஞ்சகாலத்தில் அறுத்த வயலிற் சிந்திய கதிர் பொறுக்கிய ஏழைகளும் இச்சட்டத்துக்கு இரையாயினர்.

அரசியற் குற்றங்களுக்கெனத் தண்டனைச் சட்டத்தில் 58-ம் பிரிவு இருந்தது. அதன் வாசகம் மிக விரிந்தது. கடிதத்தில் ஒரு சொல், வேடிக்கையாக ஒரு கதை, அந்நிய நாட்டிலுள்ள உறவினர் யாவும் அதன் வலைக்குட்படும். 1937-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி போலீஸ் தலைவர் யெஷோவ் இட்ட இரகசிய உத்தரவு இன்று அச்சில் உள்ளது. இன்ன ஜில்லாவில் இத்துணைப் பேரைச் சுடுக, இத்துணைப் பேரை முகாமுக்கு அனுப்புக என்று அதிற் பட்டியல் வகுக்கப்பட்டிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 2,69,000 பேர் என்று தொடங்கியது. கீழதிகாரிகள் இன்னும் வேண்டுமென்று விண்ணப்பித்துத் தொகையை உயர்த்திக்கொண்டனர். குற்றம் நடந்தபின் குற்றவாளியைத் தேடுதல் நீதி. தொகை குறித்துவிட்டு ஆளைத் தேடியதை என்னென்பது? 1937, 1938 ஆகிய இரண்டாண்டுகளிற் சுடப்பட்டவர் மட்டும் 6,80,000-க்கு மேற்பட்டவர் என்று போலீஸாரின் சொந்த ஏடுகள் கூறுகின்றன.

நம் நாட்டவரும் அவ்விரையில் அடங்குவர். கவிக்குயில் ஸரோஜினி தேவியாரின் உடன்பிறந்தாரும், ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவருமான வீரேந்திரநாத சட்டோபாத்யாயர் லெனின்கிராடில் ஆராய்ச்சித்துறையிற் பணிசெய்து வந்தார். 1937-ம் ஆண்டு ஜூலையிற் சிறைப்பட்ட அவரை, முகாமுக்கும் அனுப்பாது, அவ்வாண்டு ஸெப்டம்பரிலேயே சுட்டனர்.

உறவும் குற்றமாயிற்று. 1937-ம் ஆண்டு ஆகஸ்டில் பிறந்த மற்றோர் உத்தரவு, துரோகிகள் எனப்பட்டோரின் மனைவியரையும் முகாமுக்கு அனுப்பவும், குழந்தைகளை அநாதை விடுதிகளிற் பிரித்து வைக்கவும் விதித்தது. கஜகஸ்தானத்தில் அகமோலின்ஸ்க் நகருக்கருகே அத்தகைய மனைவியர்க்கென்றே ஒரு முகாம் இருந்தது. 1944-ம் ஆண்டிலோ, செச்சென், இங்குஷ், கிரிமியத் தாத்தார் முதலிய இனத்தாரை ஆண் பெண் குழந்தை வேறுபாடின்றி முழுதும் பெயர்த்து மத்திய ஆசியாவிலே கொண்டு தள்ளினர். பிறந்த பிறப்பையே ஒருவன்மேற் குற்றமாகச் சாட்டுதல் எத்துணை அநீதி என்பதை, பிறப்பால் ஒரு சமூகமாகக் கூடி நிற்கும் நாம் பிறரினும் நன்றாக உணர்தல் வேண்டும்.

கோலிமா

ஆசியாவின் வடகிழக்குக் கோடியிலே கோலிமா என்னும் ஆறு பாய்கிறது. அப்பகுதியில் தங்கம் உண்டு. 1931-ம் ஆண்டில் அங்குச் சுரங்கம் வெட்ட ஒரு தனிநிர்வாகம் ஏற்பட்டது. கைதிகளைப் புகைவண்டியிற் பல வாரம் ஏற்றிச்சென்று, கீழைக்கரைத் துறைமுகத்திற் கப்பலின் அடித்தட்டில் அடைத்து, மகதான் என்னும் ஊரில் இறக்கினர். அவ்விடத்துக்கு உலகத்தோடு நிலவழித் தொடர்பில்லாமையால், கைதிகள் ருஷியாவின் பிறபகுதியைப் ‘பெருநிலம்’ என்றே குறிப்பது வழக்கம். தாம் தீவிலிருப்பதாகவே எண்ணினர். குளிர்காலத்தில் பூஜ்யத்திற்குக் கீழ் 50 டிகிரியை எட்டும் குளிரில் அவர்கள் வேலைசெய்தனர். 1937-ம் ஆண்டில் அங்கெடுத்த தங்கம் 50 டன்னுக்கு மேற்பட்டது. அந்நிர்வாகத்தை நிறுவிய பெர்ஸின் அவ்வாண்டு இறுதியிலேயே கைதாகி, 1938-ம் ஆண்டிற் சுடப்பட்டார். அவர் காலத்தில் ஓரளவு கிடைத்த உணவும் உடையும் அவருக்குப்பின் பெரிதும் குறைந்தன.

கோலிமாவின் நிலையை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் வர்லாம் ஷலாமொவ். 1937-ம் ஆண்டில் அங்கு அனுப்பப்பட்ட அவர் 1953-ம் ஆண்டில்தான் அவ்விடத்தை விட்டு வெளியேறினார். மிகைபடக் கூறாத சிறுசிறு கதைகளாக அவர் எழுதிவைத்தவற்றைப் படிப்போர், துன்பம் மனிதனை மேம்படுத்தும் என்னும் பொதுக்கருத்தை அவர் முற்றும் மறுத்திருப்பதைக் காண்பர். முகாமிற் பெற்ற அனுபவத்தால் எவனுக்கும் நன்மையில்லை என்பதே அவர் துணிபு. உழைப்பாற் திருத்துகிறோம் என்றவர்களுக்கு, அவ்வுழைப்பைச் செய்தவன் அளித்த விடை அது.

கோலிமாச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவருள் ஸெர்கி கொரொலேவ் என்னும் எஞ்சினீயரும் ஒருவர். 1938-ம் ஆண்டிற் கைதான அவர், அங்கே நோயாற் பற்களை இழந்து சாகுந்தறுவாயை எட்டியபின் மாஸ்கோவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, கைதியாகவே விமானச் சித்திரங்கள் வரையலானார். 1957-ம் ஆண்டில் உலகின் முதற் செயற்கைச் சந்திரனை வானிற் செலுத்திய ராக்கெட்டை வகுத்தவர் அவரே. அவர் மீண்டார், அவரைப்போன்ற அறிவுடையார் எத்துணைப் பேர் மண்ணள்ளி மாண்டனரோ! கணிதவல்லுநரும் பாதிரியாருமான பாவெல் புளொரென்ஸ்கி ஸோலோவெட்ஸ்கியில் கடற்பாசியிலிருந்து அயோடின் எடுக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1937-ம் ஆண்டு டிஸம்பரில் அவரையும் சுட்டுவிட்டனர்.

யுத்தகாலத்தில் நாடெங்கும் உணவு முடை. 1942-ம் ஆண்டில் முகாம்களிலிருந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இறந்தனர். 1930 முதல் 1953 வரை முகாம் ஏடுகளிற் பதிவான மரணங்கள் மட்டும் ஏறத்தாழ 16 லக்ஷம்.

பொய்க் கணக்கு

இனி, வரவு செலவு நோக்குவோம். கொடுமைதான் எனினும் நாட்டுக்குப் பொருள் சேர்ந்ததன்றோ என்று வாதிப்போர் உளர். நிக்கல் எடுக்கும் நொரில்ஸ்க் நகரும், நிலக்கரி எடுக்கும் வொர்க்குதா நகரும் கைதிகளின் கையால் எழுந்தவை என்பது மெய். ஆயின், பேரேடு எழுதிப் பழகிய நம்மவர் ஐந்தொகையின் மறுபுறத்தையும் பார்த்தே தீர்ப்புக் கூறுவர்.

உயிர்வாழ்வது வேலையளவைப் பொறுத்தமையின், கைதிகளும் கங்காணிகளும் பொய்யளவு எழுதக் கற்றனர். அதற்கு முகாம் பாஷையில் ‘தூப்தா’ என்று பெயர். கஸான் நகரத்து ஆசிரியையாயிருந்து கோலிமாவிற் பல்லாண்டு கழித்த யெவ்கேனியா கின்ஸ்பர்க் அம்மையார் தம் சரிதத்தில் இதனை விளக்கியுள்ளார். முன்னரே பிறர் வெட்டிக் கணக்கிற் சேர்த்த மரக்கட்டைகளின் முனையை மெல்லிதாக அரிந்துவிட்டால் அவை புதிதாக வெட்டியவைபோலத் தோன்றும். அவற்றையே மீண்டும் அடுக்கிக் காட்டி அவரும் அவர் தோழியும் அன்றைய ரொட்டியைப் பெற்றனர். மரம் ஒன்று, கணக்கோ இரண்டு. அவரைக் குறைகூற நமக்கு மனம் வருமோ? கீழிருந்தவன் மேலிருந்தவனுக்கும், அவன் தனக்கு மேலிருந்தவனுக்கும் இவ்வாறே பொய்க்கணக்கு அனுப்ப, மாஸ்கோவிற் சேர்ந்த தொகைகளில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று ஒருவரும் அறியார். மரணக் கணக்கிலும் இப்பொய் நுழைந்தது. சாகுந்தறுவாயிலுள்ள கைதிகளை விடுதலை செய்து வெளியே அனுப்பிவிடுவர். அவர்கள் வழியிலோ வீட்டிலோ இறந்தால் அம்மரணம் முகாமின் ஏட்டிலேறாது.

வடதுருவ வட்டத்தையொட்டிச் ஸலெகார்டிலிருந்து இகார்கா வரை ஓர் இருப்புப்பாதை போடுமாறு 1949-ம் ஆண்டில் ஸ்டாலின் உத்தரவிட்டார். பல்லாயிரங் கைதிகள் சதுப்பிலும் பனியிலும் உழைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போட்டனர். 1953-ம் ஆண்டு மார்ச்சு 5-ம் தேதி அவர் இறந்தார். அம்மாதமே அவ்வேலை நிறுத்தப்பட்டது. தண்டவாளங்கள் துருப்பிடித்து மண்ணிற் கிடந்தன. 1950-ம் ஆண்டிலேயே, முகாம் வேலை நட்டமாகிவருவதைக் கண்டு, கைதிகளுக்குக் கூலி கொடுக்கும் முறையை நிர்வாகத்தாரே விரிவாகக் கொண்டுவந்தனர். பசியை மேற்பார்வையாளனாக வைத்தவர்கள் இருபதாண்டு கழித்துக் கூலியின் துணையை நாடியதே, அம்முறையின் தோல்விக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த சாட்சி.

எண்ணும் பெயரும்

1948-ம் ஆண்டில் அரசியற் கைதிகளுக்கெனத் தனிமுகாம்கள் பிரிக்கப்பட்டன. அங்கே உடையின்மீது எண் தைத்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு கடிதமே வீட்டுக்கு எழுதலாம். இரவில் விடுதியை வெளியே பூட்டுவர். ஸ்டாலின் இறந்தபின் 1953-ம் ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 12 லக்ஷம் கைதிகளுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆயின் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட தண்டனையுடைய அரசியற் கைதிகள் அதில் அடங்கவில்லை. அவ்வாண்டுக் கோடையில் நொரில்ஸ்கிலும் வொர்க்குதாவிலும் கைதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் கேட்டவற்றுள் முதன்மையானவை: எண்ணை நீக்குக, பூட்டை நீக்குக, வீட்டுக்குக் கடிதம் எழுத விடுக என்பன. மனிதன் ரொட்டிக்கு அடுத்து வேண்டுவது தன் பெயரும் தன் வீடுமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? 1954-ம் ஆண்டில் கெங்கிர் முகாமில் நாற்பது நாள் நீடித்த எதிர்ப்பை டாங்கிகளை ஏவி நசுக்கினர். எனினும் அம்முறை இனி நில்லாது என்பது ஆட்சியாளர்க்குப் புலனாயிற்று. 1956-ம் ஆண்டில் குருஷேவ் ஸ்டாலினுடைய குற்றங்களைக் கட்சி மகாநாட்டிற் கூறினார். 1960-ம் ஆண்டில் குலாக் நிர்வாகம் கலைக்கப்பட்டது. ஆயினும் சில அரசியற் கைதி முகாம்கள் 1980-களின் பிற்பகுதி வரை நடந்தன.

எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று முகாமிலிருந்து மீண்ட ஸோல்ஜெனித்ஸின், இருநூற்றுக்கு மேற்பட்டோரின் சாட்சியங்களைத் திரட்டி மறைவாக எழுதிய பெருநூல் 1973-ம் ஆண்டிற் பாரிஸில் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே அவர் நாடுகடத்தப்பட்டார். 1989-ம் ஆண்டில், இறந்தோர் பெயர்களைத் தேடித் தொகுக்க ‘மெமோரியல்’ என்னும் சங்கம் அமைந்தது. 1990-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி, ஸோலோவெட்ஸ்கி தீவிலிருந்து கொணர்ந்த ஒரு பெருங்கல்லை மாஸ்கோவில் இரகசியப் போலீஸாரின் மாளிகைக்கு எதிரே நாட்டினர். 2007-ம் ஆண்டுமுதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29-ம் தேதி மக்கள் அக்கல்லருகே வரிசையில் நின்று, சுடப்பட்டவர் பெயரையும் வயதையும் தொழிலையும் ஒவ்வொருவராக உரக்கப் படித்துவந்தனர்.

அச்சங்கத்தார் கண்டவற்றுள் ஒன்றைமட்டும் கூறுவோம். 1937-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸோலோவெட்ஸ்கியிலிருந்து கப்பலேற்றப்பட்ட 1,000-க்கு மேற்பட்ட கைதிகள் என்னவாயினர் என்பது அறுபதாண்டு தெரியாதிருந்தது. 1997-ம் ஆண்டு ஜூலையில் யூரி த்மித்ரியெவ் முதலிய மூவர், ஏடுகளை ஆராய்ந்து, காட்டிற் குழிவிழுந்த நிலத்தைக் கண்டு, ஸண்டார்மோக் என்னுமிடத்தில் அவர்கள் புதையுண்டதை வெளிப்படுத்தினர். அவ்வருடம் அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை 1,111 பேரை ஒரே அதிகாரியின் தலைமையிற் சுட்டுப் புதைத்திருந்தனர். அவ்விடம் அப்புகழ்பெற்ற கால்வாய்க்கு அருகிலேயே உள்ளது. த்மித்ரியெவ் 2016-ம் ஆண்டிற் கைதானார். பொய்வழக்கென்று பலர் கண்டித்தும், 2021-ம் ஆண்டில் அவர் தண்டனை 15 ஆண்டாக உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் மெமோரியல் சங்கத்தைக் கலைக்குமாறு ருஷிய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ம் ஆண்டில் அச்சங்கத்துக்கு நோபல் சமாதானப் பரிசு பிறரோடு பங்கிட்டு அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றே. உழைப்பு கீர்த்திக்குரியது, வீரத்துக்குரியது என்னும் ஸ்டாலினது வாக்கியத்தை முகாம் வாயில்களில் எழுதிவைத்தனர். அவ்வாக்கியம் தன்னளவிற் பிழையன்று. பிழை எங்கே எனின், அவ்வாயிலில் நுழைந்தவன் வேண்டாமென்று திரும்பமுடியாமையிலும், நோயுற்ற நாளிலும் அவன் ரொட்டி தராசில் நின்றமையிலும், இறந்தால் அவன் பெயரை வீட்டாருக்கும் சொல்லாமையிலும் உளது. உழைப்பின் பெருமையைக் கூறுபவர் எவராயினும், அரசராயினும் முதலாளியாயினும் நம் சொந்தப் பெரியோராயினும், இம்மூன்றையும் வைத்தே அவர் சொல்லை அளத்தல் வேண்டும்.

நம் சங்கம் பிறப்பு, மணம், மறைவு ஆகியவற்றை ஏட்டிற் பதிந்துவருகிறது. இஃது அற்பமான வேலை என்று நம் இளைஞர் சிலர் எண்ணக்கூடும். ஓர் ஏட்டில் ஒரு பெயர் இருந்ததா, இல்லையா என்பதற்காக ருஷிய நாட்டுத் தாய்மார் அறுபதாண்டு காத்திருந்தனர். பலர் விடையறியாமலே மாண்டனர். அதனை நினைந்து, நம் ஏட்டை ஒழுங்காக எழுதுவோமாக.